பிழை திருத்தக் கற்ற அச்சுத் தொழிலாளி

உழைப்பும் சிக்கனமும் நேரந் தவறாமையும் மனிதனை உயர்த்தும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லாத பெற்றோர் இல்லை. கேட்ட பிள்ளைகளும் ஆமென்று தலையாட்டாமல் விடுவதில்லை. ஆனால் கேட்டதைப் பழக்கமாக்கிக் கொள்பவர் நூற்றில் எத்தனை பேர்? நல்லது எதுவென்று நம்மில் அநேகருக்குத் தெரியும். அதை இன்று செய்து, நாளையும் செய்து, மறுநாளும் விடாமல் செய்வதுதான் கடினமாக இருக்கிறது. இந்தக் கஷ்டத்தைத் தம் வாலிப வயதிலேயே உணர்ந்து, அதற்கு ஒரு வழியும் தேடிக் கொண்டவர் பெஞ்சமின் பிராங்ளின்.

மின்னலும் மின்சாரமும் ஒன்றே என்று காட்டிய விஞ்ஞானி என்றும், அமெரிக்காவின் சுதந்திரத்துக்குப் பாடுபட்ட இராஜதந்திரி என்றும் அவரைப் பாடசாலைப் புத்தகங்களில் படித்திருக்கிறோம். ஆனால் அவர் தமது மரண சாசனத்தை எழுதியபோது, வகித்த பெரும் பதவிகளுக்கெல்லாம் முன்னதாகத் தம்மை ஓர் அச்சுத் தொழிலாளி என்றே குறிப்பிட்டார். அந்தத் தொழில் அவருக்குச் சோறு போட்டது. வாழ்க்கைக்கு ஒரு பாடத்தையும் கற்றுக் கொடுத்தது. அச்சில் பிழை விழுவது இயல்பு. அதை ஒளித்து வைப்பதால் பயனில்லை. தேடிக் கண்டுபிடித்துத் திருத்த வேண்டும். தம் வாழ்க்கையில் தாம் செய்த தவறுகளையும் அவர் அச்சுப் பிழைகள் என்றே பெயரிட்டு அழைத்தார்.

மெழுகுதிரிக்காரரின் மகன்

1706ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் திகதி பொஸ்டன் நகரில் அவர் பிறந்தார். தந்தையார் ஜோசையா மெழுகுதிரியும் சவர்க்காரமும் செய்து விற்றவர். இரு தாரங்கள் வழியாக அவருக்குப் பதினேழு பிள்ளைகள். ஆண்மக்களில் கடைசிப் பிள்ளை பெஞ்சமின். அத்தனை பேர் உள்ள வீட்டில் ஒரு பையனை நெடுங்காலம் படிக்க வைக்க முடியுமா? இரண்டு வருடத்துக்கு மேல் அவர் பள்ளிக்கூடம் போகவில்லை. பத்து வயதில் திரி வெட்டவும் அச்சில் கொழுப்பை வார்க்கவும் தந்தையின் கடையில் அமர்ந்தார். அந்த வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. புத்தகம் என்றால் உயிர் என்பதைக் கண்ட தந்தையார், அவருடைய பன்னிரண்டாம் வயதில் மூத்த மகன்களில் ஒருவரான ஜேம்ஸின் அச்சகத்தில் தொழில் பழக விட்டார். இருபத்தொரு வயதுவரை அங்கே வேலை செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம்.

தொழிலை அவர் விரைவில் கற்றார். இரவல் வாங்கிய புத்தகங்களை இரவில் படித்துக் காலையில் திருப்பிக் கொடுத்தார். நல்ல கட்டுரை ஒன்றைப் படித்தால் அதன் கருத்துக்களைக் குறித்து வைப்பார். சில நாட்கள் கழித்து அதைத் தம் சொந்தச் சொற்களில் எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுத் தம் குறைகளைத் திருத்துவார். ஆசிரியர் இல்லாத மாணவன் தனக்குத் தானே ஆசிரியனான கதை இது.

ஆனால் தமையன் கடுமையானவர்; கைநீட்டி அடிக்கவும் செய்வார். ஜேம்ஸ் நடத்திய பத்திரிகைக்கு அரசாங்கம் தடை விதித்தபோது, அதைத் தம்பியின் பெயரில் வெளியிடுவதற்காகப் பழைய ஒப்பந்தத்தை ரத்துச் செய்வதுபோல் காட்டி, இரகசியமாக வேறொன்றை எழுதிக் கொண்டார்கள். பின்னர் சச்சரவு மூண்டபோது, தமையன் அந்த இரகசியப் பத்திரத்தை வெளியில் காட்டத் துணியமாட்டார் என்பதைத் தெரிந்துகொண்டே பெஞ்சமின் வேலையை விட்டு விலகினார். அடித்த தமையனிலும் பிழை உண்டு. அவருடைய இக்கட்டைத் தமக்குச் சாதகமாக்கிய தம்பியிலும் பிழை உண்டு. இதையே தம் வாழ்க்கையின் முதற் பிழையாகப் பிராங்ளின் பின்னாளில் கணக்கு வைத்தார்.

பொஸ்டனில் வேறெவரும் வேலை கொடாதபடி ஜேம்ஸ் தடுத்துவிட்டார். ஆகவே 1723இல், பதினேழு வயதில், வீட்டாருக்குச் சொல்லாமல் கப்பலேறினார் பெஞ்சமின். நியூயோர்க்கில் வேலை கிடைக்கவில்லை. பிலடெல்பியாவில் வந்து இறங்கியபோது கையில் இருந்தது ஒரு டொலரும் சிறிது செப்புக் காசும்தான். பசிக்குப் பெரிய பாண் மூன்று வாங்கினார். கக்கத்தில் இரண்டை இடுக்கி, ஒன்றைத் தின்றுகொண்டு, அழுக்குச் சட்டையுடன் தெருவழியே நடந்தார். ஒரு வீட்டு வாசலில் நின்ற டெபரா என்னும் பெண், இந்தக் கோலத்தைக் கண்டு உள்ளூரச் சிரித்தாள். அவளே பின்னாளில் அவருக்கு மனைவியானாள்.

இலண்டனில் பட்ட பாடு

பிலடெல்பியாவில் ஓர் அச்சகத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. அவருடைய திறமையைக் கண்ட ஆளுநர் வில்லியம் கீத், தனி அச்சகம் வைக்க உதவுவதாகவும், இலண்டனில் இயந்திரமும் எழுத்துக்களும் வாங்குவதற்குக் கடன் கடிதங்கள் தருவதாகவும் வாக்களித்தார். அதை நம்பி 1724இன் இறுதியில் இளைஞர் கப்பலேறினார். கப்பல் இங்கிலாந்தை அடைந்தபோது தபால் பையில் அவருக்காக ஒரு கடிதமும் இல்லை. எல்லாருக்கும் வாக்குக் கொடுத்து எதையும் நிறைவேற்றாத மனிதர் அந்த ஆளுநர் என்பதை, கூட வந்த டெனம் என்னும் வியாபாரி அப்போதுதான் எடுத்துச் சொன்னார்.

பிறர் தம்மை ஏமாற்றியதை மட்டும் பிராங்ளின் சொல்லியிருந்தால் அது சாதாரணக் கதையாகிவிடும். தாம் பிறருக்குச் செய்ததையும் அவர் மறைக்கவில்லை. வெர்னன் என்பவர் தமக்கு வரவேண்டிய சுமார் 35 பவுணை வசூலித்து வைத்திருக்கும்படி அவரை நம்பி ஒப்படைத்திருந்தார். அந்தப் பணத்தில் கைவைத்து, குடிகார நண்பன் ஒருவனுக்கும் கடன் கொடுத்து அதைக் கரைத்துவிட்டார். ஊரில் டெபராவுக்குத் திருமண வாக்குக் கொடுத்துவிட்டு வந்தவர், இலண்டனிலிருந்து அவளுக்கு எழுதியது ஒரே ஒரு கடிதம். அதுவும் விரைவில் திரும்பி வரப்போவதில்லை என்று சொல்ல எழுதியது. நம்பிக்கை இழந்த அந்தப் பெண், வீட்டாரின் வற்புறுத்தலால் வேறொருவனை மணந்து பெருந் துன்பப்பட்டாள்.

ஆனாலும் வேலையில் அவரிடம் குறை காண முடியாது. வாட்ஸ் என்பவரின் பெரிய அச்சகத்தில் ஐம்பது பேர் வரையில் வேலை செய்தார்கள். அவர்களுக்குக் காலை முதல் மாலைவரை பியர் இல்லாமல் கை ஓடாது. பிராங்ளினோடு அச்சியந்திரத்தில் நின்றவர் நாளொன்றுக்கு ஆறு பைந்து குடிப்பார்; சனிக்கிழமைதோறும் சம்பளத்தில் நாலைந்து சிலிங் அதற்கே போகும். பிராங்ளின் தண்ணீர்தான் குடித்தார். மற்றவர்கள் ஈய எழுத்துக்கள் பூட்டிய சட்டம் ஒன்றை இரு கைகளாலும் தூக்கிப் படியேற, இவர் கைக்கொன்றாக இரண்டைத் தூக்கிச் சென்றார். கேலி செய்தவர்களில் சிலர் நாளடைவில் குடியை விட்டு அவரைப் பின்பற்றினார்கள்.

1726இல் அவர் பிலடெல்பியாவுக்குத் திரும்பினார். அந்தக் கடற்பயணத்தின்போதே, இனி எப்படி வாழ வேண்டும் என்று தமக்கென ஒரு திட்டம் எழுதிக் கொண்டார்.

நாணயமே மூலதனம்

1728இல் நண்பர் ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து அவர் அச்சகம் திறந்தார். நகரில் ஏற்கனவே இரண்டு அச்சகங்கள் இருந்தன. மூன்றாவது பிழைக்காது என்று பலர் ஆரூடம் சொன்னார்கள். அந்நாட்களில் அவர் கைக்கொண்ட பழக்கங்கள் வியாபாரம் செய்யும் எவருக்கும் பயன்படக்கூடியவை.

முதலாவது, எடுத்த வேலையை முடிக்காமல் படுக்கைக்குப் போகாமை. பெரிய புத்தகம் ஒன்றை நாளொன்றுக்கு ஒரு தாள் வீதம் அச்சுக் கோத்துக் கொண்டிருந்தார். ஒருநாள் இரவு வேலை முடிந்தது என்று நினைத்த வேளையில், பூட்டிய சட்டம் ஒன்று உடைந்து, இரண்டு பக்க எழுத்துக்களும் குவியலாகச் சிந்திவிட்டன. நாளை பார்க்கலாம் என்று அவர் போகவில்லை. சிந்திய எழுத்துக்களை அறைகளில் பிரித்துப் போட்டு, இரண்டு பக்கங்களையும் மீண்டும் கோத்த பின்பே உறங்கினார். இரவில் கிளப்பிலிருந்து வீடு திரும்பும் பெரியவர்கள் அவரது விளக்கைக் கண்டார்கள். காலையில் அயலார் எழும்பு முன்னும் அவர் வேலையில் இருக்கக் கண்டார்கள். கடனுக்குச் சரக்குத் தர வியாபாரிகள் தாமாகவே முன்வந்தார்கள்.

இரண்டாவது, கேளாமலே தரத்தைக் காட்டுதல். சட்டசபையின் விண்ணப்பம் ஒன்றை அரசாங்க அச்சகத்தார் பிழைகள் மலிய அச்சிட்டிருந்தார்கள். பிராங்ளின் அதையே பிழையின்றி, அழகாக மீண்டும் அச்சிட்டு, ஒவ்வோர் அங்கத்தவருக்கும் ஒரு பிரதி அனுப்பினார். வேற்றுமை கண்ணுக்குத் தெரிந்தது. அடுத்த ஆண்டு சபையின் அச்சு வேலை அவருக்கே கிடைத்தது.

மூன்றாவது, தொழிலுக்கு வெட்கப்படாமை. வாங்கிய கடதாசியைச் சில வேளைகளில் தாமே தள்ளுவண்டியில் வைத்துத் தெருவழியே தள்ளிக்கொண்டு வருவார். ஆடம்பர உடை அணியவில்லை. கேளிக்கை இடங்களில் அவரைக் காண முடியாது.

இந்த நாணயம் ஓர் ஆபத்து வேளையில் கைகொடுத்தது. கூட்டாளியின் தந்தை தருவதாகச் சொன்ன பணத்தைத் தர முடியாமற் போக, கடன்காரர் வழக்குப் போட்டார். அச்சகம் ஏலம் போகும் நிலை வந்தது. அப்போது இரு நண்பர்கள், ஒருவருக்கொருவர் தெரியாமல், தனித்தனியே அவரிடம் வந்து வேண்டிய பணத்தைத் தருவதாகச் சொன்னார்கள். அவர் கேட்டுப் போகவில்லை. ஒருவர் மனம் நோகக்கூடாதென்று இருவரிடமும் பாதி பாதி வாங்கிக் கடனைத் தீர்த்து, 1730இல் அச்சகத்தைத் தமக்கே உரியதாக்கிக் கொண்டார்.

பதின்மூன்று கோடுகள் போட்ட கொப்பி

ஏறக்குறைய இக்காலத்தில்தான், குற்றமே இல்லாமல் வாழ்ந்து பார்ப்பது என்று அவர் தீர்மானித்தார். வெகு விரைவில் அது எவ்வளவு கடினம் என்று கண்டுகொண்டார். ஒரு குறையைக் காவல் காக்கும்போது மற்றொன்று பின்வாசலால் நுழைந்துவிடும். ஆகவே எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்த முயல்வதை விட்டு, ஒவ்வொன்றாகத் திருத்த எண்ணினார்.

மிதமான உணவும் குடியும், வீண்பேச்சு பேசாமை, ஒழுங்கு, மனவுறுதி, சிக்கனம், உழைப்பு, உண்மை, நீதி, நடுநிலை, சுத்தம், மன அமைதி, கற்பு எனப் பன்னிரண்டு குணங்களை எழுதினார். பட்டியலைக் கண்ட நண்பர் ஒருவர், உம்மைப் பலர் கர்வக்காரன் என்று எண்ணுகிறார்கள் என்று சொன்னார். பிராங்ளின் கோபிக்கவில்லை. தாழ்ச்சியைப் பதின்மூன்றாவதாகச் சேர்த்துக் கொண்டார்.

சிறிய கொப்பி ஒன்றில் ஒவ்வொரு பக்கத்திலும் வாரத்தின் ஏழு நாட்களுக்கு ஏழு பத்திகள். பதின்மூன்று குணங்களுக்குப் பதின்மூன்று கோடுகள். ஒவ்வோர் இரவும் அன்றைய நாளை நினைத்துப் பார்த்து, எந்தக் குணத்தில் தவறினாரோ அந்தக் கட்டத்தில் ஒரு கரும்புள்ளி இடுவார். ஒரு வாரத்துக்கு ஒரு குணத்தில் மட்டும் விசேஷ கவனம். பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று முடியும். வருடத்தில் நான்கு சுற்று. அதிகாலை ஐந்து மணிக்கு எழும்பி, இன்று நான் என்ன நன்மை செய்யலாம் என்று தம்மைக் கேட்பார். இரவு பத்து மணிக்குப் படுக்குமுன், இன்று என்ன நன்மை செய்தேன் என்று கேட்பார். இரவில் ஆத்தும சோதனை செய்து பழகிய நமக்கு இந்த வழி புதிதன்று. ஆனால் அதைக் கடைக் கணக்கைப்போல் எழுதி வைத்துப் பார்க்கும் துணிவு நம்மில் எத்தனை பேருக்கு உண்டு?

கொப்பியில் தாம் எண்ணியதைவிட அதிகமான புள்ளிகள் விழக்கண்டு அவர் திகைத்தார். எல்லாவற்றிலும் ஒழுங்கு என்னும் குணமே அவரை அதிகம் படுத்தியது. கடதாசிகளை உரிய இடத்தில் வைக்கும் பழக்கம் கடைசிவரை அவருக்கு வரவேயில்லை. இதைப்பற்றி அவர் ஒரு கதை சொல்வதுண்டு. கொல்லனிடம் கோடரி வாங்கிய ஒருவன், அதன் முகம் முழுவதும் விளிம்பைப்போலவே பளபளக்க வேண்டும் என்றான். நீ சாணைக்கல்லைச் சுற்று, நான் தீட்டித் தருகிறேன் என்றான் கொல்லன். சுற்றிச் சுற்றிக் களைத்த மனிதன், இன்னும் புள்ளிகள் இருக்கின்றனவே என்று கொல்லன் சொல்லியும், புள்ளியுள்ள கோடரியே எனக்கு நல்லது என்று வாங்கிக்கொண்டு போய்விட்டானாம். தாமும் சில வேளைகளில் அப்படி எண்ணியதாகப் பிராங்ளின் ஒப்புக்கொண்டார். எண்ணிய நிறைவை அடையாவிட்டாலும், முயன்றபடியால் முன்னைவிட நல்லவனும் மகிழ்ச்சியுள்ளவனும் ஆனதாகவும் அவர் கண்டார்.

பழைய பிழைகள்

வெர்னன் தம் பணத்தை நினைவூட்டியபோது, பிராங்ளின் சாக்குச் சொல்லவில்லை. தவற்றை ஒப்புக்கொண்டு, சிறிது தவணை கேட்டு எழுதி, பின்னர் முதலையும் வட்டியையும் சேர்த்துக் கட்டினார். கணவன் கைவிட்டு ஓடிப்போனதால் துயரத்தில் இருந்த டெபராவை 1730இல் தம் மனைவியாக ஏற்றார். அவள் கடையைக் கவனித்து, தாள் மடித்து, கந்தல் வாங்கி, அவரது உயர்வில் சரிபாதிப் பங்காளியானாள். பல ஆண்டுகளின் பின் தமையன் ஜேம்ஸை நோயாளியாகக் கண்டு சமாதானமானார். தமையன் கேட்டுக்கொண்டபடி, அவர் இறந்தபின் மகனை வளர்த்துத் தொழில் பழக்கி, புதிய எழுத்துக்களும் கொடுத்து அனுப்பினார். முன்பு குறைத்துக் கொடுத்த சேவைக்கு இப்படி ஈடு செய்தார்.

செல்வம் வளர்ந்தது. 1732இன் இறுதியில் அவர் தொடங்கிய பஞ்சாங்கம் இருபத்தைந்து ஆண்டுகள் வெளிவந்தது. வருடத்துக்குப் பத்தாயிரம் பிரதிகள் வரை விற்றது. 1748இல், நாற்பத்திரண்டாம் வயதில், அச்சகத்தைக் கூட்டாளி டேவிட் ஹோலின் பொறுப்பில் விட்டு ஓய்ந்தார். இன்னும் சேர்க்கலாமே என்று அவர் எண்ணவில்லை. 1731இல் சந்தா நூலகமும் 1736இல் தீயணைக்கும் தொண்டர் சங்கமும் முன்னரே அவர் முயற்சியால் எழுந்தவை. 1751இல் பிலடெல்பியாவில் ஒரு வைத்தியசாலை அமையவும் உழைத்தார். 1752இல் இடி முழக்கத்தினிடையே பட்டம் விட்டார். இடிதாங்கியை உலகுக்குத் தந்தவர், அதற்கு உரிமைப் பத்திரம் எடுத்துக் காசாக்கவில்லை.

கத்தோலிக்க வாசகர்கள் அறிய வேண்டிய ஒன்றும் உண்டு. பிராங்ளின் நம் திருச்சபையைச் சேர்ந்தவரல்லர். 1776இல், எழுபது வயதில், அமெரிக்கக் காங்கிரசின் தூதுவராகக் கனடாவுக்குப் போனபோது, யோன் கரோல் என்னும் குருவானவரும் உடன் சென்றார். தூது பலிக்கவில்லை, முதியவர் நோயுற்றார். திரும்பும் வழியில் அக்குருவானவரே அவரை அன்போடு பராமரித்துக் கொண்டுவந்து சேர்த்தார். பிராங்ளின் அந்த நன்றியை மறக்கவில்லை. 1784இல் அமெரிக்கக் கத்தோலிக்கருக்கு ஒரு தலைவரை நியமிக்க உரோமை எண்ணியபோது, பிரான்சில் தூதுவராயிருந்த பிராங்ளின் கரோலைச் சிபாரிசு செய்தார். அவரே அந்நாட்டின் முதல் ஆயராக 1789இல் போல்ரிமோருக்கு நியமனம் பெற்றார்.

திருந்தாத பிழையும் கடைசித் திருத்தமும்

எல்லாப் பிழையும் திருத்தப்பட்டதென்று சொன்னால் அது பொய்யாகும். 1764இல் அரசியல் அலுவலாக இலண்டன் சென்றவர் பத்தாண்டுகள் திரும்பவில்லை. கணவனைக் காண ஏங்கிய டெபரா, 1774 டிசம்பரில் அவரில்லாமலே இறந்தாள். மகன் வில்லியம் சுதந்திரப் போரில் இங்கிலாந்து அரசரின் பக்கம் நின்றார். 1785இல் இருவரும் சவுத்தாம்டனில் சந்தித்தும் உள்ளங்கள் சேரவில்லை. வாழ்க்கை வரலாற்றை 1771இல் மகனுக்கு எழுதும் கடிதம்போலவே அவர் தொடங்கியிருந்தார். அந்த மகனை அவரால் மன்னிக்க முடியவில்லை. நண்பனுக்கும் அந்நியனுக்கும் பொறுமை காட்டியவருக்கு வீட்டுக்குள் அது வற்றிவிட்டது. வெளியில் வெற்றி பெற்றவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிப்பது நல்லது.

இன்னுமொரு பெரும் பிழை இருந்தது. நீண்டகாலம் அவர் வீட்டில் நீக்ரோ அடிமைகள் வேலை செய்தார்கள். அடிமை விற்பனை விளம்பரங்களை அவர் பத்திரிகை காசு வாங்கி வெளியிட்டது. பதின்மூன்று கோடுகள் போட்ட அந்தக் கொப்பியில் இதற்காக ஒரு புள்ளி விழவில்லை. தான் குற்றமென்று உணராததை எந்தக் கணக்கும் காட்டாது. 1763இல் கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஒன்றைப் பார்வையிட்டபோது, அவர்கள் வெள்ளையருக்கு எதிலும் குறைந்தவரல்லர் என்று கண்டு தம் எண்ணத்தை மாற்றத் தொடங்கினார். 1787இல் பென்சில்வேனிய அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். 1790 பெப்ரவரியில், எழும்பவும் இயலாத நோயில், அடிமைத்தனத்தை ஒழிக்கும்படி காங்கிரசுக்கு ஒரு விண்ணப்பத்தில் கையெழுத்திட்டார். காங்கிரஸ் அதை ஏற்கவில்லை. ஆனால் எண்பத்து நான்கு வயதிலும் மனிதன் தன் பிழையைத் திருத்தலாம் என்பதற்கு அந்தக் கையெழுத்துச் சாட்சி.

அவ்வாண்டு ஏப்ரல் 17ஆம் திகதி அவர் காலமானார். இறுதி ஊர்வலத்துக்குச் சுமார் 20,000 பேர் திரண்டார்கள். இளைஞராயிருந்தபோது தமக்கு உதவியோரை நினைத்து, பொஸ்டனுக்கும் பிலடெல்பியாவுக்கும் ஆயிரம் பவுண் வீதம் எழுதி வைத்தார். இருபத்தைந்து வயதுக்குட்பட்ட, மணமான, நன்னடத்தையுள்ள தொழிலாளருக்கு நூற்றுக்கு ஐந்து வட்டியில் அதைக் கடனாகக் கொடுத்து, இருநூறு வருடம் வளர்க்க வேண்டும் என்பது நிபந்தனை. 1990இல் தவணை முடிந்தபோது, பிலடெல்பியாவின் பங்கு சுமார் 20 இலட்சம் டொலராகவும், பொஸ்டனின் பங்கு அதன் இருமடங்குக்கு மேலாகவும் வளர்ந்திருந்தது. சிறிது சிறிதாகச் சேர்வது என்னவாகும் என்பதை இறந்த பின்னும் அவர் காட்டினார்.

பிலடெல்பியா கல்லறையில், மனைவியின் அருகில் அவர் துயில்கிறார். கல்லில் பட்டம், பதவி எதுவுமில்லை. இருவர் பெயரும் ஆண்டும் மட்டுமே. வாழ்ந்த நாளில் பத்தாண்டு தனியே விட்ட மனைவியின் பக்கத்தில் இடம் வேண்டும் என்பது அவரது விருப்பம்.

இன்றிரவு விளக்கை அணைக்குமுன் நாமும் ஒரு சிறு கொப்பியை எடுக்கலாம். பதின்மூன்று வேண்டாம், ஒரு குணம் போதும். ஒரு வாரம் நேர்மையாகப் புள்ளியிட்டுப் பார்ப்போம். புள்ளிகள் நிறைய விழுந்தால் கலங்க வேண்டாம். திருத்தும் வேலை அங்கேதான் தொடங்குகிறது.